ரப்பர் பேண்டு போட்ட வளையல்கள்

அந்தக் கை உன்னுடையது இல்லை.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடைக்குப் பக்கத்தில், பின்னால் மலைக்கோட்டை தெரிய, உனக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். முகம் உன் முகம்தான். கொஞ்சம் வெளுப்பாக்கி, மூக்கோரத்து மச்சத்தை அழித்திருக்கிறார்கள். போகட்டும், அதை நீயே சிரித்து விட்டுவிடுவாய். ஆனால் நெஞ்சுக்கு நேரே கும்பிட்டபடி இருக்கிற இரண்டு கைகளும் யாரோ ஒரு அம்மாவுடையவை. குட்டை குட்டையாய், புசுபுசுவென்று விரல்கள். மணிக்கட்டு மொட்டை. கீழே ‘குடும்பத்தின் குலவிளக்கு’ என்று போட்டிருக்கிறது. நான் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரத்தில் நின்று, “அடப்பாவிகளா!” என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்தப் படத்தின் மாற்றாத பிரதி ஒன்று என் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. கோயம்புத்தூரில் நாம் ஜெயித்த அன்று எடுத்தது. அதில் நீ பதின்மூன்று சீட்டையும் விசிறியாக விரித்துப் பிடித்திருப்பாய். இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல்களை மேலே ஏற்றி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருப்பாய். இப்போது சீட்டையும் எடுத்துவிட்டார்கள், வளையலையும் எடுத்துவிட்டார்கள். நீ உயிரோடு இருந்தவரை உன்னிடம் நடத்த முடியாததை, நீ போன பிறகு கம்ப்யூட்டரில் நடத்திக்கொண்டார்கள். இந்தக் கோபத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

டெலிபோன் ஆபீஸில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நீ சின்னாளபட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாய், நான் பேகம்பூரிலிருந்து நடந்து வருவேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் டிரங்க் கால், லோக்கல் கால் என்று வாய் ஓயாது. நமக்குள் பேச நேரமிருக்காது. நீ பென்சிலை எடுத்து வைக்கிற விதத்திலேயே அந்தப் பக்கம் கத்துகிறவன் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மதிய நேரத்தில் மாடியில் மனமகிழ் மன்றம் கூடும். ஆண்கள் நான்கு பேர் பிரிட்ஜ் ஆடுவார்கள். ஒரு நாள் நான்காவது ஆள் லீவு. மற்ற மூன்று பேரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, டிபன் பாக்ஸைக் கழுவப் போன நீ வாசலில் நின்று, “நான் வரட்டா?” என்றாய். ஒருத்தர் சிரித்தார். “இது ரம்மி இல்லம்மா.” நீ உள்ளே போய் உட்கார்ந்தேவிட்டாய். “அது எனக்கும் தெரியும் சார். ஜன்னல் வழியா ஒரு வருசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

அடுத்த மாதமே என்னையும் இழுத்தாய். “ஆள் வராத அன்னிக்கு மட்டும் நம்மளக் கூப்புடுறாக. இது சரிப்படாது. நமக்குன்னு ஒரு சோடி வேணும். நீ வா.”

“எனக்கு ஒண்ணுமே தெரியாதேடி.”

“எனக்கு மட்டும் அம்புட்டும் தெரியுமாக்கும்? சேந்தே தப்புப் பண்ணுவோம்.”

சேர்ந்தேதான் செய்தோம். சீட்டு என்றாலே காசு என்றுதான் ஊருக்குத் தெரியும். பிரிட்ஜில் காசு கிடையாது. எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டையும் ஜெயித்து எடுப்பது ஒரு பிடி; எத்தனை பிடி பிடிப்போம் என்று முதலில் ஏலம் கேட்கவேண்டும். அந்த ஏலத்தின் வார்த்தைகளை வைத்துத்தான் தன் கையில் என்ன இருக்கிறது என்று ஜோடிக்குச் சொல்லலாம். கண்ணைக் காட்டக் கூடாது, இருமக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. ஏலம் முடிந்ததும் ஜோடியில் ஒருத்தி தன் சீட்டையெல்லாம் மேஜைமேல் விரித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவள்தான் டம்மி. மற்றவள் இரண்டு கையையும் சேர்த்து ஆடுவாள். பெரும்பாலும் நான்தான் டம்மி. நீ சீட்டின் பெயரைச் சொல்லுவாய், நான் எடுத்துப் போடுவேன்.

எங்கள் வீட்டில் பெரிய களேபரம் ஆனது. “சீட்டாட்டம் ஹராம், தெரியுமா தெரியாதா?” என்று அம்மா என்னை வெளியே விடவில்லை. நீ அன்று சாயங்காலமே பேகம்பூருக்கு வந்து, எங்கள் கூடத்தில் பாய் விரித்து, அம்மாவையும் என் மதினியையும் உட்கார வைத்து ஆட்டத்தைப் போட்டாய். “காசு எங்கம்மா இருக்கு, காட்டுங்க பாப்போம். சூதுன்னா தோத்தவ கையில ஒண்ணும் மிஞ்சக்கூடாதுல்ல?” அம்மா சுளித்த முகத்தோடுதான் சீட்டைக் கையில் எடுத்தாள். ஆனால் பாங்கு சொல்லும் நேரத்துக்கு நீ எழுந்தபோது, “செத்த நேரம் இரு, தொழுதுட்டு வாரேன், இந்தக் கைய முடிச்சிட்டுப் போ” என்றாள்.

உன் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. உன் வீட்டுக்காரர் திடுதிப்பென்று போனபோது மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். வீடு நிறைய சனம். சடங்கு நாளில் வளையலை உடைக்க உன் மாமியார் வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். நான் மூலையில் இருந்தேன். நீ அழுது வீங்கிய முகத்தோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். “இது அவரு வாங்கிக் குடுத்தது இல்ல. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து எங்கப்பா போட்டுவிட்டது. அவரு தந்த தாலிய எடுத்துக்கங்க. இதத் தொடாதீக.” அன்றைக்கு உன்னைத் திட்டாத வாய் இல்லை. அடுத்த வாரம் வேலைக்கு வந்தாய், மதியம் மாடிக்கும் வந்தாய். அறுத்தவளுக்கு வளையல் ஒரு கேடு, சீட்டு ஒரு கேடு என்று கேண்டீனில் சொன்னவள் பெயர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உனக்கு மறந்துவிட்டது. அல்லது மறந்ததாகச் சொன்னாய்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியாது. ஆபீஸ் போட்டியில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போனோம். பெண்களுக்கான ஆட்டத்தில் சாம்பியன், திரும்பவும் சாம்பியன். அன்ரிசர்வ்டு பெட்டியில் சூட்கேஸின் மேல் துண்டை விரித்து ஆடிக்கொண்டே டெல்லி வரைக்கும் போயிருக்கிறோம். “பொம்பளைக ஆட்டத்துல ஜெயிச்சா ‘பொம்பளைகள்ல நல்லா ஆடுறா’ன்னுதான் சொல்லுவாக. சீட்டுக்கு ஆம்பள பொம்பள தெரியுமா?” என்று நீ பொது ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தாய். அப்படித்தான் கோயம்புத்தூருக்குப் போனோம்.

இறுதி ஆட்டம். நீ ஆறு ஸ்பேடு கேட்டிருந்தாய். அப்படிக் கேட்டால் பதின்மூன்று பிடியில் பன்னிரண்டு பிடிக்கவேண்டும். உன் இடது கைப்பக்கம் இருந்தவர் முதல் சீட்டைப் போட்டார். நான் டம்மியாக என் சீட்டை விரித்தேன். ஹார்ட்டில் என்னிடம் ஏஸும் ராணியும் இருந்தன. அவர் அதைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடுவரைக் கூப்பிட்டார். “ஏலம் கேக்கும்போது இந்தம்மா வளையலை ஆட்டி சிக்னல் குடுக்கறாங்க.”

நடுவர் நல்ல மனிதர்தான். தயங்கித் தயங்கி, “பிரச்சனை வேண்டாம், ஆட்டம் முடியும்வரை வளையலைக் கழட்டி வச்சிருங்களேன்” என்றார். சுற்றி இருந்த மேஜைகளெல்லாம் திரும்பின. டம்மியாக இருப்பவள் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பதை நான் மறந்து, எழுந்தேவிட்டேன். நீ கையைக் காட்டி என்னை உட்கார வைத்தாய்.

“எம் புருசன் செத்த வீட்டுலயே இதக் கழட்டச் சொன்னாக சார். அங்கயே கழட்டல. இங்கயா கழட்டுவேன்?” குரலை உயர்த்தவே இல்லை நீ. “சத்தம்தான ஒங்களுக்கு ஆகல? சத்தம் வராது.” மேஜைமேல் சீட்டுக்கட்டுக்குப் போட்டிருந்த ரப்பர் பேண்டுகள் கிடந்தன. வளையல்களை மேலே ஏற்றி, கைக்கு இரண்டாக அவற்றைச் சுற்றினாய். தோல் சிவந்தது. கையை உதறிக் காட்டினாய், சத்தமில்லை. “இந்த சாரோட வாட்ச் சங்கிலியும் கிலுகிலுங்குது. அவருக்கும் ரெண்டு குடுங்க.” அடுத்த மேஜையில் யாரோ கைதட்டினார்கள்.

ஆட்டம் தொடர்ந்தது. ஹார்ட் ராஜா மட்டும்தான் கேள்வி. அது அவரிடம் இருந்தால் ராணியைப் போட்டு ஜெயிக்கலாம். அவருடைய ஜோடியிடம் இருந்தால் ராணி செத்தது, வேறு வழியில் போகவேண்டும். நீ ஒரு ஹார்ட்டை என் பக்கம் ஆடினாய். அவர் சிறிய சீட்டை, ஒன்றும் தெரியாத முகத்தோடு போட்டார். நீ அவரைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்து, “ராணி” என்றாய்.

எடுத்துப் போட்டேன். அடிக்க ராஜா வரவில்லை; ராணி நின்றது, ஆட்டம் நமக்கு.

திரும்பி வருகிற பஸ்ஸில், பழனி தாண்டும்போது கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. நீ கடலை உரித்துக்கொண்டே சொன்னாய்: “நம்மளத் தோக்கடிக்க வழி இருக்குறவன் எதுக்குடி ஆட்டத்த நிப்பாட்டுறான்? என் வளையல அவன் பாத்தது, உன் ராணியப் பாத்த பின்னாடிதான.”

அதற்கப்புறம் இந்தியாவுக்காக ஆடப் போனாய். நீலக் கோட்டுக்குள் சின்னாளபட்டி சுங்குடிச் சேலை, கோட்டின் கைக்கு வெளியே பச்சை வளையல். அந்தப் படத்தையும் உன் வீட்டில் யாரும் மாட்டவில்லை.

பிளக்ஸைப் பார்த்த கையோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் மகன் மரியாதை தெரிந்தவன். உட்காரச் சொல்லி, காபி கொண்டுவரச் சொன்னான். “தப்பா நினைக்காதீக அத்த. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். கையில சீட்டப் பாத்தா ஆன்லைன் ரம்மி கேசுன்னு நினைப்பாக. வளையலும் பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரி.” பிறகு கொஞ்சம் சூடாகவே தொடர்ந்தான். “ஒங்களுக்குத் தெரியாது. ஸ்கூல்ல என்னைய ‘சீட்டுக்காரி மகன்’னுதான் கூப்புட்டாங்க.”

அவனுக்கு வலித்தது எனக்குப் புரிந்தது. அந்த வயசில் அவன் சொல்லாமல் விழுங்கியது எவ்வளவோ. ஆனால் அதற்காக உன் கையை வெட்டலாமா? “ஆமாய்யா, சீட்டுக்காரி மகன்தான் நீ” என்றேன். “அன்னிக்கு அழுத, சின்னப் புள்ள. இன்னிக்கு நெஞ்ச நிமித்திச் சொல்லு.” காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு நேரே பிளக்ஸ் கடைக்குப் போனேன். ஷோகேஸ் படத்தைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ரப்பர் பேண்ட மட்டும் எடுத்துரவா ஆண்ட்டி? அசிங்கமா இருக்கு” என்றாள். “அதுல ஒண்ண எடுத்தாலும் ஒனக்குக் காசு கிடையாது” என்றேன். மச்சத்தையும் விடச் சொன்னேன். கீழே என்ன வாசகம் என்று கேட்டாள். உன் பெயருக்குக் கீழே பெரிதாக, ‘சீட்டாட்ட சாம்பியன்’. அவ்வளவுதான்.

உன் மகன் வைத்ததற்குப் பக்கத்திலேயே வைத்தேன். டீக்கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம்மா, இவங்க அக்கா தங்கச்சியா?”

“இல்லண்ணே. இது அவ. அது யாரோ.”

சாயங்காலம் உன் மகன் வந்தான். யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு என் பிளக்ஸுக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். சண்டைக்குத் தயாராகத்தான் நானும் நின்றேன். அவன் கேட்டது வேறு. “வளையல்ல எதுக்கு அத்த ரப்பர் பேண்டு?”

அவனுக்குத் தெரியவே தெரியாது. நீ வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்: மூலையில் நின்று நான் பார்த்த அந்தச் சடங்கு நாளிலிருந்து, நடுவர், வாட்ச் சங்கிலி, ராணி வரைக்கும். பஸ் சத்தத்தில் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். உன் மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு கும்பிட்ட கைகள் இருந்த பிளக்ஸிடம் போய், கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். ஒரு முடிச்சு வரவில்லை. டீக்கடைக்காரர் கத்தி கொடுத்தார்.

இப்போதும் வாரா வாரம் ஆடப் போகிறேன். எனக்கு வேறு ஜோடி கிடைத்திருக்கிறார், ரிட்டயர்டு வாத்தியார், நன்றாகவே ஆடுகிறார். டம்மியாகச் சீட்டை விரித்து வைத்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, எதிர் நாற்காலியிலிருந்து நீ “ராணி” என்று சொல்லப்போகிறாய் என்றே கை காத்திருக்கிறது. நீ இல்லை. அது எனக்குப் பொறுக்கத்தான் இல்லை. போன வாரம் புதிதாக வந்த ஒருவர், சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது, வளையலைக் கொஞ்சம் கழட்டி வைக்க முடியுமா என்று என்னைக் கேட்டார். நீ போனதிலிருந்து நானும் பச்சைக் கண்ணாடிதான் போடுகிறேன். மேஜைமேல் ரப்பர் பேண்டுகள் கிடந்தன. நான் அவற்றைத் தொடவில்லை. கையை நன்றாக நீட்டி, சத்தம் வர, சீட்டை எடுத்தேன்.