லெவல் பார்த்த பகுதி

கடலூர்
4.3.2025

அன்பு மச்சான் ஜேக்கப்புக்கு,

"ஃபோன்ல கேட்டா என் கொரலு ஏன் தகரம் மாதிரி இருக்குது?" என்று உன் அக்கா ரோசி ஒருமுறை கேட்டாள். டியூப் லைட்டில் பார்க்கும் முகமும் காலை வெயிலில் பார்க்கும் முகமும் ஒன்றா என்று நான் திருப்பிக் கேட்டேன். உன் ஸ்டுடியோவில் உள்ள ரிப்பன் மைக் காலை வெயில் மாதிரி. காதைக் குத்தாது.

பதினெட்டாம் தேதி அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குள் அவள் குரலைப் பதிந்து வைக்க ஆசைப்படுகிறேன். நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் கேட்கிறேன்.

அன்புடன்,
சவரிராயன்

சிதம்பரம்
8.3.2025

மாமா,

செய்தி படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஆனால் "வேற சாமி கும்புடுறவ எந்தம்பிக்குப் பொண்டாட்டியா?" என்று தெருவில் நின்று கத்தியவர் அக்கா. கல்யாணத்துக்கும் வரவில்லை. இன்றுவரை சிந்துஜாவிடம் பேசியதில்லை.

இங்கே ஒலிப்பதிவு செய்வது அதே சிந்துஜாதான். வெள்ளிக்கிழமை அழைத்து வாருங்கள். நான் இருக்க மாட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கும்வரை அக்கா முகத்தில் விழிக்க மாட்டேன்.

மைக்கில் யாரும் 'ஃபூ ஃபூ' என்று ஊத வேண்டாம். உள்ளே ரிப்பன் மாதிரி தொங்கும் மெல்லிய அலுமினியத் தகடு மூச்சுக்கே கிழிந்துவிடும்.

ஜேக்கப்

கடலூர்
11.3.2025

அன்பு மச்சான்,

உன் கடிதத்தை ரோசியும் படித்தாள். "அவங்கிட்டக் கெஞ்சாதீங்க. ஊமையாவே போயிட்டுப் போறேன்" என்றாள். பிறகு வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு புடவையை எடுத்து வைத்தாள். வருகிறோம்.

சவரிராயன்

சிதம்பரம்
16.3.2025

மாமா,

அக்காவின் ஜெபமும் பாட்டும் இந்தப் பென்டிரைவில் உள்ளன. குரல் எவ்வளவு சத்தமாகப் பதிகிறது என்று முன்னால் லெவல் பார்த்த பகுதியை வழக்கம்போல் கேட்காமலே வெட்டிவிட்டேன்.

"அக்கா எதுனா பேசுனாங்களா?" என்று சிந்துஜாவிடம் கேட்டேன். "முழுசாக் கேளுங்க" என்றாள். பாட்டு முடியும்வரை கேட்டேன். மன்னிப்பென்று ஒரு வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்.

ஜேக்கப்

கடலூர்
21.3.2025

அன்பு மச்சான்,

ஆபரேஷன் முடிந்தது. பேச்சு இல்லை. வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் நீயா என்று பார்க்கிறாள்.

பென்டிரைவை நேற்றுதான் போட்டுக் கேட்டேன். நீ வெட்டியது எதை என்று அப்போதுதான் புரிந்தது. அன்று ஸ்டுடியோவில் லெவல் பார்க்க எதையாவது பேசச் சொல்லிவிட்டு, சிந்துஜா மைக்குக்கு அந்தப் பக்கம் எதிரில் உட்கார்ந்தாள். ரோசி அவளிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"அண்ணி, இவ்ளோ கிட்ட வந்து அழுவாதீங்க, ரிப்பன் கிழிஞ்சிடும்."

"அடிப்பாவி, அழவும் வுட மாட்டியா?"

இருவரும் சிரித்தார்கள்.

வாசல் திரைச்சீலை முன்னாலிருந்து காற்றடித்தாலும் அசையும், பின்னாலிருந்து அடித்தாலும் அசையும். ஓரத்தில் நின்று ஊதினால் அசையாது. ரிப்பனும் அப்படித்தான். அவர்கள் இருவர் குரலும் பதிந்திருக்கும். பக்கவாட்டில் நின்ற என் இருமல் அவ்வளவாகப் பதிந்திருக்காது.

சிந்துஜா ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் சொன்னா, அண்ணிக்காகப் பூசி மொழுகுறேன்னு நெனப்பாருண்ணா" என்றாள்.

அக்கா சொன்னதை நான் எழுதினால் அது என் வார்த்தையாகிவிடும். வெட்டாத பதிவு ஸ்டுடியோவில் இருக்கும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து ஒருமுறை கேட்டுப் பார்.

உன் மாமா,
சவரிராயன்