மஹராய் வந்த படகு

காஜா பெராங், மலாக்கா
ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து, 1928

ரங்கூனில் இருக்கும் என் மகன் நெய்னா முகம்மதுக்கு உன் உம்மா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ் கிருபையால் நான் சுகம், வீடு சுகம், நீ விட்டுட்டுப் போன வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டு அதுகளும் சுகம். படகும் சுகம். படகு முங்கிப் போச்சுன்னு உன் சாச்சா உனக்கு எழுதினாராமே, அதை வெச்சு நீ எனக்கு எழுதின கடுதாசி வந்து சேர்ந்துச்சு. பெத்தவளுக்கு எழுதுற கடுதாசியா அது? ஊரே சிரிக்குதாம், புருஷன் இல்லாத பொம்பளை உளியும் சுத்தியலும் பிடிக்கிறது குடும்பத்துக்கே கேவலமாம், சாச்சா மகளை உனக்குப் பேசி வெச்சிருக்கிற நேரத்துல உன்னால தலை நிமிர முடியலையாம், அந்தப் படகு வீட்டு வாசல்ல கிடக்கிற வரைக்கும் காஜா பெராங் மண்ணை மிதிக்க மாட்டியாம். நல்லா எழுதியிருக்கே. படிச்சேன், அழுதேன், அப்புறம் கஞ்சி வெச்சுக் குடிச்சேன். படகு முங்கினது நிஜம். ஆனா சாச்சா பாதிதான் எழுதியிருக்கார், மீதியை நான் எழுதுறேன், உட்கார்ந்து நிதானமாப் படி.

உன் வாப்பா மவுத்தானதிலிருந்து படகு வாசல் ரம்புத்தான் மரத்தடியில கவிழ்ந்தே கிடந்துச்சு, கோழி அதுக்கடியில முட்டை வெச்சுது, நான் அது மேல துணி காயப் போட்டேன். நோன்புக்கு முந்தி ஒரு நாள் காலையில சாச்சா ரம்பமும் கையுமா ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறார். கடையில துணி அடுக்கத் தட்டு அடிக்கணுமாம், படகுப் பலகை நல்ல செங்கால் மரமாம், சும்மா கிடந்து செல்லரிக்கிறதை எடுத்துக்கிறேன் மதினின்னார். கேட்கலை, சொன்னார். நான் கையில பிடிச்ச அகப்பையோட போய்ப் படகு முதுகு மேல ஏறி உட்கார்ந்துட்டேன். இது உங்க அண்ணன் விட்டுட்டுப் போன சொத்து இல்லை தம்பி, என்னோட மஹர், மத்த மாப்பிள்ளைங்க பொண்ணுக்குப் பொன்னைக் கொடுத்தாங்க, அவர்கிட்ட அப்ப இருந்தது இந்தப் பாய்மரப் படகு ஒண்ணுதான், நிக்காஹ் சபையில ஊரறிய அதைத்தான் எனக்குன்னு சொன்னார், நீங்களும் அங்கே உட்கார்ந்து கேட்டுட்டு நெய்ச்சோறு தின்னவர்தானே, அறுக்கிறதா இருந்தா என்னையும் சேர்த்து அறுங்கன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, வெச்சு என்ன செய்யப் போறிய, ஊறுகாய் போடப் போறியளான்னு கேட்டார். ஓட்டுவேன்னு வாயில வந்திருச்சு. வந்த சொல்லை விழுங்குற பழக்கம் உன் உம்மாவுக்கு இல்லைன்னு உனக்குத் தெரியும். சரி, ஹஜ்ஜு மாசம் முடியறதுக்குள்ள அது கடல்ல மிதக்கலேன்னா நான் வந்து எடுத்துக்குவேன், அப்ப அழக்கூடாதுன்னார். சரின்னேன். வந்த ரெண்டு ஆளும் ரம்பத்தை மறைக்க இடம் தேடினானுங்க.

எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்காதே. கல்யாணமான புதுசுல வாப்பா லிங்கிப் பக்கமும் மூவார்ப் பக்கமும் கம்போங் கம்போங்கா ஊர் சுத்தித் துணி விக்கப் போறப்ப என்னையும் கூட்டிப் போவார், சுக்கான் பிடிக்கப் பழக்கினதே அவர்தான். நீ என் வயித்துல இருந்தப்பவும் நான் சுக்கான் பிடிச்சிருக்கேன், அதனாலதான் உனக்கு இவ்வளவு பிடிவாதம். ஓட்டத் தெரியும், செப்பனிடத்தான் தெரியாது, அதையும் பார்த்துக்கலாம்னு துணிஞ்சேன். பக்கத்து வீட்டுத் தெய்வானையை உனக்கு ஞாபகம் இருக்கும், தலைமுறையா இங்கேயே இருக்கிற செட்டி வீட்டுக்காரி, பேரு மட்டும்தான் தமிழு, வாயெல்லாம் மலாய். அவளும் அவ புருஷனும் படகை நிமிர்த்திக் கொடுத்தாங்க. உளுத்த பலகையைப் பேர்த்துப் புதுசு போட அவன் ஒரு கை பிடிச்சான், மத்ததெல்லாம் நான்தான். பலகைக்குப் பலகை விரல் போற அளவு இடுக்கு. அதுல கெலாம் மரப்பட்டையைத் திணிச்சு, டாமர்ப் பிசினை எண்ணெயோட காய்ச்சிப் பூசணும். பிசின் காய்ச்சுறது பெரிய வித்தையாம், ஆம்பளைங்க சொல்றாங்க. டோடோல் அல்வா கிண்டுற கைக்கு அது என்ன பிரமாதம்? அடிபிடிக்காம கிண்டினேன், தெய்வானை மூக்கைப் பொத்திக்கிட்டு, அக்கா இதை யாருக்கும் பரிமாறிடாதேன்னு சிரிச்சா. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வரக்கூடாதுங்கிற வைராக்கியத்துல பட்டையை உளி வெச்சு அடிச்சு அடிச்சு, இனிமே ஊசி இறங்காதுங்கிற அளவுக்கு இடுக்கெல்லாம் திணிச்சேன். அங்கேதான் மகனே கோட்டை விட்டேன்.

மாட்டு வண்டியில ஏத்தி தெங்கேராக் கடற்கரைக்குக் கொண்டு போய், பாத்திஹா ஓதி, எல்லாருக்கும் நெய்ச்சோறு கொடுத்துப் படகை இறக்கினோம். அழகா மிதந்துச்சு. சாச்சா முகத்தைப் பார்க்கணுமே! அன்னைக்கு எனக்கு வந்த பவுசு கொஞ்சநஞ்சமில்லை, நெய்ச்சோறு கூட இறங்கலை. மறுநாள் காலையில போய்ப் பார்த்தா பாய்மர நுனி மட்டும் வெளியே தெரியுது. தண்ணி வத்தினதும் பார்த்தோம், அடிப்பலகை ஒண்ணு மரஆணியைப் பிடுங்கிக்கிட்டு வெளியே துருத்திக்கிட்டு நிக்குது. சாச்சா கரையில நின்னு, அல்லாஹ் காட்டிட்டான் மதினின்னார், படகு வண்டியேறி மறுபடி வாசலுக்கே வந்துச்சு, அன்னைக்கே உனக்குக் கடுதாசியும் போட்டுட்டார். அவர் எழுதின பாதி அதோட முடியுது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் வீட்டுல சமைக்கக் கூப்பிட்டாங்க, சண்டை வேற சமையல் வேறன்னு போனேன். அரிசி ஊற வைக்கிற மரத்தொட்டி, வருஷம் பூரா பரண்ல காய்ஞ்சு கிடந்ததை இறக்கிக் கிணத்தடியில வெச்சிருந்தாங்க. உனக்குப் பேசியிருக்கிற ஜுலைகா ஒழுகுதேன்னு பழந்துணியைச் சுருட்டி இடுக்குல திணிக்கப் போனா. அடி பைத்தியமே, திணிக்காதே, காய்ஞ்ச மரம் தண்ணி குடிச்சாப் பருக்கும், பருக்க இடமில்லேன்னா பலகை தெறிச்சுப் போகும், சும்மா தண்ணியை ஊத்தி விடு, தானா மூடிக்கும்னு அதட்டினேன். அதட்டின வாய் அப்படியே நின்னு போச்சு. எத்தனை கந்தூரிக்கு இந்தத் தொட்டியை ஊறப் போட்டவ நான்! வீட்டுல தெரிஞ்சதைப் படகுகிட்டே மறந்துட்டேனே. கறியை அடுப்புல விட்டுட்டே ஓடினேன், பாதி தீய்ஞ்சு போச்சு, அதுக்கும் சாச்சா என்னைத்தான் திட்டினார்.

தெறிச்ச பலகையை மறுபடி அடிச்சு, திணிச்ச பட்டையில பாதியைப் பிடுங்கிட்டு லேசா வெச்சுப் பூசினோம். அப்புறம் மறுபடி தெங்கேராக் கரைக்குக் கொண்டு போய் ஓரத் தண்ணியில படகை விட்டு, உள்ளே செம்புறாங்கல்லை அடுக்கி, நானே அதை முக்கினேன். முதல் தடவை அதுவா முங்கிச்சு, இந்தத் தடவை நான் முக்கினேன், வித்தியாசம் புரியுதா? மதினிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சாச்சா பள்ளிவாசல்ல சொன்னாராம். பேதலிக்கட்டும். மாசம் முடியப் போகுதேன்னு விரல் விட்டு நாளை எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன், இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆனா மரம் குடிக்கிறதைக் குடிக்கட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு விட்டேன். கல்லை எடுத்துத் தண்ணியை இறைச்சுத் துடைச்ச அன்னைக்குப் படகுத் தரை காஞ்சது காஞ்சபடி நின்னுச்சு மகனே. நான் குனிஞ்சு தடவித் தடவிப் பார்க்கிறேன், தெய்வானை ஒப்பாரி வெக்கிறா சந்தோஷத்துல. அந்தக் கையோட பாயைக் கட்டி, அவ புருஷன் பாயைப் பிடிக்க, அவ நடுவுல உட்கார, நான் சுக்கான் பிடிச்சு உஜோங் பாசிர் வரைக்கும் போய்த் திரும்பினோம். ஹஜ்ஜுப் பிறை முடியல, கெடுவுக்கு இன்னும் நாள் பாக்கி இருந்துச்சு. கரையில நின்ன சாச்சா வெயிலே இல்லாத நேரத்துல குடையை விரிச்சு முகத்துக்கு நேராப் பிடிச்சுக்கிட்டார். நான் அந்தக் குடையைப் பார்த்தே சலாம் சொன்னேன்.

இன்னொண்ணு, இதை நீ சாச்சாவுக்கு எழுதிடாதே. அந்தப் பாயை என்கூட உட்கார்ந்து தைச்சது யாருன்னு நினைக்கிறே? உன் ஜுலைகாதான். கொல்லை வழியா வருவா, தைப்பா, போயிடுவா. ஓரத்தை ரெட்டையா மடிச்சுத் தைக்கணும்னு எனக்கே சொன்னவ அவ. மாப்பிள்ளை கடுதாசியில கோவிச்சிருக்கார் புள்ளேன்னு சொன்னதுக்கு, கோவம் தீர்ந்ததும் வரட்டும் மாமின்னுட்டு நூலைக் கடிச்சா. தலை நிமிர முடியலைன்னு எழுதினியே, அவ நிமிர்ந்துதான் இருக்கா. உன் தலையை நீ பார்த்துக்க.

ரங்கூன்ல மழை பலமாம், நனைஞ்சுட்டு ஈரத் துணியோட உட்காராதே. அந்த ஊர் ஙாப்பி மீன் விழுது உடம்புக்குச் சூடு, அளவாத் தின்னு. ஜும்ஆவை விடாதே. உன்னை அல்லாஹ் நீண்ட ஹயாத்தோடும் ரோஷத்தோடும் வைக்கட்டும், ரோஷம் வேண்டாம்னு நான் துஆ கேட்க மாட்டேன், அது எங்கிட்டேயிருந்து வந்தது. ஆனா சொன்ன சொல்லைக் காப்பாத்தணும். வாசல்ல படகு கிடக்கிற வரைக்கும் வரமாட்டேன்னே. வாசல்ல இப்போ படகு இல்லை, கோழிதான் மேயுது. அதனால மவ்லிது மாசத்துக்கு நீ வந்தாகணும். பினாங்குக் கப்பல் கரைக்கு வராது, தூரத்திலேயே நங்கூரம் போடும், எல்லாரும் தோங்காங்குத் தோணியில இறங்குவாங்க, நீ இறங்காதே. பழுப்புப் பாய் கட்டின சின்னப் படகு ஒண்ணு கப்பலை ஒட்டி வரும். சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு முக்காடு போட்ட ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பா. மேலே நிக்கிறவங்க யாரு அதுன்னு உன்னைக் கேட்டா, தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதே.

இப்படிக்கு
உன் உம்மா, படகுக்குச் சொந்தக்காரி
செய்த்தூன் பீவி