தங்கை அனுப்பிய கள்ளி

ஜனவரி 9
சின்னவள் வீடு மாறுகிறாளாம். சாமான் ஏற்றிப் போன லாரிக்காரர் வழியில் நம் வாசலில் ஒரு தொட்டியை இறக்கினார். சப்பாத்திக்கள்ளி. மூன்று மடல், உடம்பெல்லாம் முள். "உங்க தங்கச்சி குடுக்கச் சொன்னாங்கம்மா. இது உங்க கைக்குத்தான் சரியா வருமாம்."
புரிகிறது. மாடி நிறைய ரோஜா வைத்திருந்தவள், அக்காவுக்கு அனுப்பியது முள்.
பதினோரு வருடமாகப் பேச்சில்லை. அவள் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவள், பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னாள்: "அக்காகிட்ட தேதிய வாயால சொல்லிடுங்க. அவ எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிடும்." அன்று அவள் கட்டியிருந்தது பச்சைப் புடவை, இடது தோளில் இஸ்திரி தீய்ந்த கறை. மறுநாள் நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தேன். இது பதினோராவது நோட்டு.

ஜனவரி 10
ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சாகட்டும். செத்ததும் சொல்லி அனுப்ப வேண்டும்.

பிப்ரவரி 18
சாகவில்லை. முயல் காது மாதிரி இரண்டு புது மடல். மருமகள் சிரிக்கிறாள். "தினம் நீங்க திட்டுறீங்களே அத்தை, அதுதான் உரம்."

மார்ச் 22
மஞ்சள் பூ. நான் ஒன்றும் போய்ப் பார்க்கவில்லை. பால்கனிப் பக்கம் போகும்போது கண்ணில் பட்டது. ஆறு தடவை போக வேண்டியிருந்தது.

மார்ச் 23
வாயில்லாத ஜீவன், அது என்ன செய்யும்? காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு.

ஏப்ரல் 11
அடி மடல் கொழகொழவென்று பழுப்பாகிவிட்டது. நாற்றம் வேறு. "பாசத்துல அழுகிடுச்சு அத்தை," என்கிறாள் மருமகள். "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம்மா," என்கிறான் மகன். வேறயா? இவனுக்கு என்ன தெரியும்!
இப்போது செத்தால் நான் கொன்றதாகத்தானே ஆகும்? வைத்தியம் தெரிந்தவள் ஒருத்திதான். ஐயோ, அவளிடமா?

ஏப்ரல் 12
போன் செய்தேன்.
"யாரு?"
"நான்தான்."
"எந்த நான்?" குரல் தெரியாதாம்!
"உன் செடி அழுகுது."
"தண்ணி ஊத்துனியாக்கா?"
"... கொஞ்சம்."
"அத வெறுத்தாத்தான் வளரும். அதனாலதான உன்கிட்ட குடுத்தேன்."
திமிர் குறையவில்லை. ஆனால் வழி சொன்னாள். மேலே நல்லதாக இருக்கும் மடல்களை வெட்டி, வெட்டுவாய் காய நிழலில் பத்து நாள் போட வேண்டும். பிறகு மணலில் ஊன்ற வேண்டும். ஒரு மாதம் தண்ணீர் காட்டக்கூடாது.
"ரோஜாவெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன். இங்க வெயிலே இல்ல. இத மட்டும் வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல," என்றாள்.
விடவில்லை நான். அந்தப் பச்சைப் புடவை நாளைப் பற்றிக் கேட்டேன். "எந்தப் பச்சைப் புடவ?" என்கிறாள். பத்திரிகை? பன்னிரண்டு பேர்? "நானா சொன்னேன்? நெசமாவாக்கா?"
மறந்தே போய்விட்டாளாம். அப்படியென்றால் பதினோரு வருடம் நான் ஒண்டியாகவா சண்டை போட்டேன்?
அவளுக்குக் கண்ணில் புரையாம். ஜூலையில் ஆபரேஷன்.

ஏப்ரல் 22
இரண்டு மடல் ஊன்றினேன். விரலெல்லாம் பொடிமுள். மருமகள் ஒட்டுநாடா ஒட்டி ஒட்டி எடுத்தாள்.

மே 6
தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கிறது. சொம்பை ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 5
இரண்டுமே வேர் பிடித்துவிட்டன. சின்னவளுக்கு அங்கே மொட்டைமாடிச் சாவி கிடைத்துவிட்டதாம். மருமகள் அந்தப் பக்கம் போனாள். ஒரு தொட்டியும் ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினேன். என் கையெழுத்தில் நான்கு வரி. "தண்ணீர் ஊற்றாதே. வெயிலில் வை. முள் ஜாக்கிரதை. இது உன் கைக்குத்தான் சரியாக வரும்."

ஜூன் 6
போன் வந்தது. கடிதத்தை மகளிடம் கொடுக்கவில்லையாம், அக்கா எழுதியதைத் தானே படிக்க வேண்டுமாம். பூதக்கண்ணாடியும் கையுமாக, "தண்... ணீர்... ஊற்... றா..." என்று எழுத்துக்கூட்டினாள்.
அவள் அன்று சொன்னதே என் நாக்கு நுனி வரை வந்தது. பன்னிரண்டு பேர் பக்கத்தில் இல்லை, வீணாகத்தான் போகும்.
நான்கு வரி. அவள் முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். மூன்றாவது வரியில் தடுக்கினாள். சொல்லிக் கொடுத்தேன்.