பொடியில் அடித்த தின்னர் வாசம்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் அக்காவும் குழந்தையும் சுகம், அங்க உன் உடம்பு எப்படி இருக்கு, குளிர் கிடங்குல போட்டுக்கற கையுறை கிழிஞ்சுபோச்சுன்னியே, வேற கொடுத்தாங்களா. சுகம்னு எழுதியே பழகிட்டதால கை தானா எழுதிடுச்சு. எனக்கு ஒரு குறை வந்து ஒண்ணேகால் வருஷம் ஆகுது, உன்கிட்ட சொல்லாம வச்சிருக்கேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன்ல சொல்லலாம்னு ரெண்டு தடவை வாயெடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் நல்லா இருக்கேன்ப்பான்னு வந்துடுது. எழுதினா அடுத்த வரியிலயாவது உண்மை வந்துடுது.

முதல்ல வீட்டுச் சேதியைச் சொல்லிடறேன். அப்பாவுக்கு இப்ப ஒரு வங்கிக் கட்டடம் முழுக்க பெயின்ட் அடிக்கற வேலை. சாரம் கட்டி மூணாவது மாடி வரைக்கும் ஏறறார், இந்த வயசுல எதுக்குன்னு கேட்டா, வயசெல்லாம் கீழ நிக்கறவங்களுக்குத்தான் தெரியும், மேல நிக்கறவனுக்கு சுவர் மட்டும்தான் தெரியும்னு சொல்றார். அக்கா குழந்தைக்கு நாலு மாசம் முடிஞ்சுது, குப்புற விழுந்துட்டா, விழுந்த பிறகு திரும்பத் தெரியாம அழறா, உன் காது அப்படியே வந்திருக்கு. பின்பக்கத்துக் கதவு மழையில ஊறிப் பிடிக்குது, இழுத்துச் சாத்தினா தெருவே திரும்பிப் பார்க்குது.

போன செவ்வாய்க்கிழமை உன் கூட வேலை பார்க்கற நெட்டையன் வீட்டுக்கு வந்தான். லீவுல வந்தவன் நீ கொடுத்தனுப்பின சால்வையையும் குழந்தைக்குச் சட்டையையும் கொடுத்துட்டு, வாசப்படியிலேயே நின்னான். தலையில இடிச்சுக்காம உள்ள வாடான்னு கூப்பிட்டு உக்கார வச்சு சாப்பாடு போட்டேன். ரெண்டு வாய் சாப்பிட்டவன் சட்டுன்னு நிறுத்திட்டு, அத்தை, குழம்பு நல்லாத்தானே இருக்குன்னான். ஏண்டா இப்படிக் கேக்கறேன்னேன். ஒண்ணும் இல்லேன்னான். நான் விடல. நல்லாத்தானே இருக்குன்னு ஆச்சரியப்பட்டுச் சொன்னா, நல்லா இருக்காதுன்னு நினைச்சு உக்கார்ந்தேன்னுதானே அர்த்தம்னு கேட்டேன். அவனுக்குப் பொய் சொல்ல வராதுன்னுதான் உனக்கே தெரியுமே. தட்டைப் பார்த்துக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டான். அவன் மேல நீ கோவிச்சுக்காதே.

அவன் சொன்னது இதுதான். நான் அனுப்பின குழம்புப் பொடியை நீ இருபது நாள் பிரிக்காமலே வச்சிருந்தியாம், ஒரு லீவு நாளா பார்த்து அவனையும் கிடங்குல உன் கூட நிக்கற இன்னும் ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டியாம், நம்ம சாப்பாட்டைக் கண்ணுலயே பார்க்காத அந்த நாட்டுக்காரங்களாம் அந்த ரெண்டு பேரும். புளிக்காக ரெண்டு பஸ் மாறிப் போய், ஒரு கடையில கீழ்த் தட்டுல குனிஞ்சு தேடி, கறுப்பா விழுதா பாட்டில்ல அடைச்சதைத்தான் வாங்கிட்டு வந்தியாம். அப்புறம் டப்பாவைத் திறந்தா தின்னர் வாசம். பொடியைச் செய்தித்தாள்ல பரப்பி ஜன்னல் ஓரம் ஒரு மணி நேரம் ஆற வச்சியாம், போயிடும் போயிடும்னு சொல்லிக்கிட்டே இருந்தியாம். அப்பவே கொட்டியிருக்கலாமே கண்ணு. அதையே போட்டுக் குழம்பு வச்சு, வந்தவங்க ஒரு வாய் வச்சுட்டு மரியாதைக்குத் தண்ணி குடிச்சுட்டு உக்கார்ந்திருக்க, நீ மட்டும் தட்டைக் காலி பண்ணினியாம். ரெண்டு நாள் வயித்து வலியில வேலைக்குப் போகலியாம். அந்த வாரம்தான் போன்ல என்கிட்ட, பொடி ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, டப்பா காலின்னு சொன்னே. நான் அன்னைக்கு முழுக்க அதையே அக்காகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

அந்த டப்பா அப்பாவோடது. பெயின்ட்ல கலக்கற தின்னர் வந்த டப்பா, மூடி இறுக்கமா இருக்கும், வழியில கொட்டாதுன்னுதான் எடுத்தேன். மூணு தடவை சோப்புப் போட்டுத் தேய்ச்சேன், வெயில்ல காய வச்சேன், உள்ள முகம் தெரியற மாதிரி பளபளன்னு இருந்துச்சு. பொடியை கவர்ல கட்டித்தான் உள்ள வச்சேன், அதையும் மீறி ஏறியிருக்கு. வேற காலமா இருந்தா அந்த டப்பாவைத் திறந்த மறு நொடியே தூக்கி எறிஞ்சிருப்பேன். எனக்கு மூக்கு போயிடுச்சுப்பா. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்திருந்தேனே, அதுல போச்சு. காய்ச்சல் விட்டுது, இருமல் விட்டுது, வாசம் மட்டும் திரும்பி வரல. சளி அடைச்சிருக்கு, சரியாயிடும்னு நானே ஆவி பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நாக்குல உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் சுடும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எதைச் சாப்பிட்டாலும் சூடான சக்கையை மெல்லற மாதிரி இருக்கு.

யார்கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்துல இருபத்திரெண்டு வருஷமா அடுப்புக்கு முன்னாடி நிக்கறவ மூக்கு போச்சுன்னு எப்படிச் சொல்றது. முன்னாடி எவ்வளவு போட்டேனோ அதே கணக்குக்குப் போட்டுக்கிட்டு வந்தேன், ஓடிச்சு. ஒரு நாள் காலையில நோயாளிங்களுக்கு வைக்கற கஞ்சி அடிப்பிடிச்சிருக்கு, நான் கிண்டிக்கிட்டே நிக்கறேன், எனக்குத் தெரியல. ரெண்டு வார்டுல இருந்து அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. மேற்பார்வைக்காரம்மா வந்து பாத்திரம் கழுவற அக்காவைப் பிடிச்சுக்கிட்டாங்க, நேத்து அண்டாவைச் சரியா தேய்க்கலைன்னு எல்லார் முன்னாடியும் திட்டினாங்க. அந்த அக்கா, நான் நல்லாத்தான்ம்மா தேய்ச்சேன்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டு முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு அடுப்பையே பார்த்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கும் சொல்லல, மறுநாளும் சொல்லல. உன்னையும் அக்காவையும் பொய் சொன்னதுக்காக வெளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு துரத்தியிருக்கேன், நினைச்சுப் பார்க்கறேன். மூணாம் நாள்தான் மேற்பார்வைக்காரம்மாகிட்ட போய், தப்பு என்மேலதான், எனக்கு வாசம் தெரியறதில்லைன்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் கடுமையா பேசல, அடுப்புல இருந்து எடுத்துக் காய் நறுக்கற மேசைக்கு மாத்திட்டாங்க. இப்ப அங்கதான் உக்கார்ந்து வெங்காயம் உரிக்கறேன், கண்ணு எரியுது, வாசம் இல்ல. பாத்திரம் கழுவற அக்கா ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கல. அப்புறம் ஒரு நாள் பக்கத்துல வந்து உக்கார்ந்து, முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்து மோந்து பார்த்துச் சொல்லியிருப்பேனேன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

அப்பாவுக்கு அதுக்குப் பிறகுதான் சொன்னேன். அவர், வேலை முடிஞ்சு வந்தா பெயின்ட் நாத்தச் சட்டையைப் பின்பக்கம் கழட்டிட்டு உள்ள வாங்கன்னு முப்பது வருஷமா கத்துவியே, நாலஞ்சு மாசமா கத்தல, என்மேல பிரியம் கூடிப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேனேன்னார். சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சார், அப்புறம் எழுந்து போய் சட்டையைப் பின்பக்கம் கழட்டி வச்சுட்டு வந்தார். இன்னைக்கு வரைக்கும் சொல்லாமலே அப்படித்தான் செய்யறார். உன் டப்பாவை மட்டும் அவர்கிட்ட மோந்து பார்க்கக் கொடுக்க எனக்குத் தோணாமப் போச்சு. அந்த நாலஞ்சு மாசமா வீட்டுல அடிப்பிடிச்சு, புகை வாசம் ஏறி, என்னென்ன சாப்பிட்டாரோ, ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. நீ தட்டைக் காலி பண்ணினதைக் கேட்டதும் நான் அவரைத்தான் திரும்பிப் பார்த்தேன். அப்பனுக்குப் பிள்ளை தப்பாம பொறந்திருக்கே.

காது மூக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். நரம்பு கெட்டிருக்கு, சிலருக்குத் திரும்பி வரும், வருஷம் தாண்டினா கொஞ்சம் கஷ்டம்னு சொன்னாங்க. காலையும் சாயங்காலமும் எலுமிச்சையும் கிராம்பும் மோந்து பழகச் சொல்லியிருக்காங்க, ஒரு நாள் தவறாம செய்யறேன். ஒண்ணும் வரல. அதுல கூட எனக்கு மனசு உடையல. அக்கா குழந்தை பொறந்த அன்னைக்குத்தான் உடைஞ்சுது. கையில வாங்கி உச்சியில மூக்கை வச்சேன். நீங்க ரெண்டு பேரும் பொறந்தப்ப அந்த வாசத்தை நான் எவ்வளவு மோந்திருக்கேன். குழந்தை சூடா இருந்துச்சு, மெத்துன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். நான் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து, பொண்ணாப் பொறந்துடுச்சுன்னு அழறேன்னு அக்கா தப்பா எடுத்துக்கிட்டா. பத்து நாள் என்கிட்ட சரியா பேசல. நெட்டையன் வந்துட்டுப் போன மறுநாள்தான் அவகிட்டயும் உண்மையைச் சொன்னேன், குழந்தையை என் மடியில போட்டுட்டு அவளும் அழுதா.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். கொஞ்ச நாளா போன் பண்ணினா நேத்து என்ன சமைச்சே, இன்னைக்கு என்ன கிழமை, பக்கத்து வீட்டு டெய்லர் பேர் என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தே. என்னடா பரீட்சை வைக்கறேன்னு சிடுசிடுத்தேன். இப்பதான் விளங்குது. அம்மாவுக்கு ஞாபகம் தப்புது, எந்த டப்பாவுல எதைப் போடறோம்னு தெரியலைன்னு நினைச்சுப் பயந்திருக்கே. வேலையை விட்டுட்டு வரேன்னு அங்க எழுதியே கொடுத்துட்டியாம், இந்த மாசக் கடைசிக்குள்ள நீ உறுதியா முடிவு சொல்லணுமாம். நெட்டையன் அதையும் சொல்லிட்டான். என் புத்தி நல்லா இருக்குப்பா. உனக்கு மூணாம் வகுப்புல எந்தப் பல் விழுந்ததுன்னு கூட சொல்லுவேன். போனது மூக்கு மட்டும்தான். நான் முதல்லயே சொல்லியிருந்தா நீ இவ்வளவு தூரம் பயந்திருக்க வேண்டாம், நீ பொடி கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா நான் அப்பவே சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறதா நினைச்சு இப்படி ஆயிடுச்சு. எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிடு. உனக்கே அந்த வேலை பிடிக்கலைன்னா அது வேற பேச்சு, அதை நேரா சொல்லு, நாம பேசலாம். எனக்காக விடாதே. என்னைப் பார்க்க எப்ப வேணும்னாலும் வா, காவல் காக்க வராதே. கேஸ் அடுப்பை எடுத்துட்டு கரண்ட் அடுப்பு வச்சாச்சு, பாலையும் எண்ணெயையும் அப்பா மோந்து பார்த்துத்தான் அலமாரியில வைக்கறார், அக்காவும் தினம் ஒரு நடை வந்து ஒவ்வொரு பாத்திரமா திறந்து பார்த்துட்டுத்தான் போறா.

உன்கிட்ட ஏன் மறைச்சேன்னு கேப்பே. நீ அவ்வளவு தூரம் போன பிறகு உனக்குன்னு என் கையால செய்ய முடிஞ்சது அந்தப் பொடி மட்டும்தான். அதுவும் போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

நெட்டையன் இருபதாம் தேதி கிளம்பறான், அவன்கிட்ட ஒரு பை கொடுத்திருக்கேன். பொடி இல்ல. மல்லி, மிளகா, மிளகு, சீரகம், வெந்தயம், புளி எல்லாம் முழுசா, தனித்தனியா புதுத் துணிப்பையில கட்டியிருக்கு. ஒவ்வொண்ணையும் அப்பா பிரிச்சு மோந்து பார்த்து, சீரகத்தை மட்டும் பழசா இருக்குன்னு கடைக்கே திருப்பி எடுத்துட்டுப் போய் மாத்திட்டு வந்தார். அங்க கிடைக்கற மிளகா நிறம்தான், காரம் இல்லைன்னியே, பாதிக்குப் பாதி கலந்துக்கோ. பாட்டில் புளியை இனிமே தொடாதே, இது தீர்ந்துபோனா எலுமிச்சை பிழிஞ்சுக்கோ, அடுப்பை அணைச்ச பிறகு பிழியணும். வறுக்கறது எல்லாமே சின்னத் தீயில, ஒண்ணு ஒண்ணா. ரெண்டு கை மல்லிக்கு ஒரு கை மிளகா, மிளகும் சீரகமும் ஒவ்வொரு ஸ்பூன், வெந்தயம் அரை ஸ்பூன், அதுக்கு மேல போட்டா கசக்கும். வெந்தயம் சிவந்ததும் எடுத்துடு, சட்டி சூட்டுலயே இன்னும் கறுக்கும். மிளகு வெடிக்கற சத்தம் கேட்டா போதும். மல்லிக்குத்தான் என்ன அடையாளம் எழுதறதுன்னு தெரியல. அதுக்கு நிறமும் பெருசா மாறாது, சத்தமும் இல்ல. வாசம் வந்ததும் இறக்குன்னுதான் எனக்குச் சொல்லத் தெரியும். அதை நீதான் பார்த்துக்கணும்.

குளிக்கும்போது வெந்நீர் ஊத்திக்கோ, தலையை ஈரத்தோட விட்டுட்டு கிடங்குக்குள்ள போகாதே. சாப்பிடக் கூப்பிட்ட அந்த ரெண்டு பேரையும் மறுபடி கூப்பிடு, இல்லேன்னா ஆயுசுக்கும் நாம தின்னர் சாப்பிடறவங்கன்னு நினைச்சுக்குவாங்க. நீ நோய் நொடி இல்லாம, வயிறு நிறைஞ்சு, மனசு குளிர்ந்து நூறு வருஷம் இருக்கணும். இந்தத் தடவை பொடி நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லு. மல்லியை வறுக்கறப்ப எனக்கு ஒரு போன் போட்டு அடுப்புக்குப் பக்கத்துல வச்சுக்கோ. வாசம் எப்படி வருதுன்னு ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டே வறு, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

உன் வரவுக்கும் பேச்சுக்கும் காத்திருக்கற
அம்மா