நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் ஒரே நேரத்தில்

ஏப்ரல் 21

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஈவென்ட் லூப் பாடம் ஆரம்பித்தேன். பைத்தானில் அசிங்க்ஐஓ என்றொரு லைப்ரரி. பெயரைச் சொன்னதும் பின்வரிசை சிரித்தது. வருடா வருடம் சிரிக்கிறது. ஓர் ஆள் நானூறு வீட்டுக்குச் சேதி சொல்லப் போகிறான் என்று விளக்கினேன். ஒரு கதவைத் தட்டிவிட்டு, திறக்கும்வரை அங்கேயே நிற்கமாட்டான். அடுத்த வீட்டைத் தட்டப் போய்விடுவான். எந்தக் கதவு திறக்கிறதோ அங்கே திரும்பி வருவான். அவ்வளவுதான் விஷயம்.

திருச்செங்கோட்டுக் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது தோன்றியது. மகள் தமிழினி கல்யாணத்துக்குச் சொல்ல வேண்டியது நானூற்றுப் பன்னிரண்டு வீடு. பத்திரிகையோடு நேரில் போவது மே மாதம். அதற்கு முன், நாள் குறித்த சேதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன?

ஏப்ரல் 23

ப்ரோகிராம் எழுதிவிட்டேன், நாற்பது வரிகூட இல்லை. ஒவ்வொரு வீட்டையும் முறை சொல்லி அழைக்கிறது, பதிலையும் வாங்கி வைத்துக்கொள்கிறது. மாலை 6.10க்கு ஓட்டினேன். பதினோரு நொடியில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. பெருமையாக இருந்தது. கணவர் சந்திரசேகரிடம் சொன்னேன்.

"உங்கண்ணனுக்கு மொதல்ல போச்சில்ல?" என்றார்.

இந்த மனிதர் இருபத்து நான்கு வருடத்தில் கேட்ட ஒரே தொழில்நுட்பக் கேள்வி.

ஏப்ரல் 24

போகவில்லை.

மோகனூர் சௌந்திரம் அக்காவுக்கு 6.10க்கே சேர்ந்திருக்கிறது. தூரத்து உறவு. 'எனக்குத்தான் முதல் அழைப்பு' என்று ஸ்டேட்டஸ் வேறு. அண்ணன் இருப்பது சேந்தமங்கலம் தாண்டி மலையடிவாரம். டவர் கிடைத்து 6.41க்குத்தான் போயிருக்கிறது. காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"முப்பத்தோரு நிமிசம், அம்மிணி. தாய்மாமனுக்கு முன்னால மோகனூர்க்காரிக்கு."

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்புனதுங்கண்ணா. எது முந்திச் சேரும்னு..."

"ஒரே நேரத்துலயா? அப்பறம் மாமன் எதுக்கு, பங்காளி எதுக்கு? அல்லாத்தையும் ஒரே சட்டீல போட்டுக் கலக்கீட்டியா?"

குணசீலன் அண்ணன் எனக்கு ஒரே அண்ணன். ஆறு வருடமாக என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. புதுமனைப் பத்திரிகையில் அவர் பெயர் மூன்றாவது வரியில் வந்துவிட்டது, அதுதான் காரணம். போனில் பேசுவார். வரமாட்டார். இந்தக் கல்யாணத்துக்காவது வருவார் என்று— மாமன் சீர் செய்ய வேறு ஆளில்லை என்பது ஊருக்குச் சொல்லும் காரணம்.

ஏப்ரல் 25

அண்ணனின் நிபந்தனை: முதல் அழைப்பு செல்லாது, வாபஸ் வாங்க வேண்டும். பிறகு முறைப்படி மறுபடி. "மாமன் வாரேன்னு சொன்ன பொறகுதான் உன்ற மெசினு அடுத்த ஊட்டுக்குப் போகோணும்."

'முன்பு அனுப்பிய அழைப்பை அழைப்பாகக் கருத வேண்டாம்' என்று அனுப்பினேன். இதையும் ஒரே நேரத்தில்தான். அழையாமைக்கு முறை கிடையாது என்று நினைத்துவிட்டேன்.

சௌந்திரம் அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டார். "கல்யாணம் நின்னு போச்சா சாமி? பையனுக்கு ஏதாச்சும் பழக்கமா?"

பட்டியலில் மாப்பிள்ளை வீடும் இருந்திருக்கிறது. ஐயோ, மாப்பிள்ளையோட அப்பாவுக்கு நான் என்னன்னு சொல்றது!

ஏப்ரல் 27

மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய் விளக்கிவிட்டு வந்து, திருத்தி எழுதினேன். இப்போது வரிசைதான். ஒருவர் பதில் சொன்னால்தான் அடுத்தவருக்குப் போகும். முதலில் அண்ணன், இரண்டாவது தண்டாயுதபாணி பெரியப்பா.

அண்ணனிடமிருந்து பதில் இல்லை. கூப்பிட்டேன். "பெரியப்பா வாராருன்னா நானும் வாரேன்" என்றார். பெரியப்பாவைக் கூப்பிட்டேன். "மாமங்காரன் சொல்லாம நான் எப்புடீம்மா சொல்றது?" என்றார்.

போன வருடம் பத்து மதிப்பெண்ணுக்கு இதே கேள்வியை வைத்தேன். 'இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் காலமெல்லாம் காத்திருக்கும்' என்று பிள்ளைகள் சரியாக எழுதியிருந்தார்கள்.

ஏப்ரல் 28

காத்திருக்கிறது.

ஏப்ரல் 29

காத்திருக்கிறது. கணினி சூடாகக்கூட இல்லை. அதற்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. நானும் இந்த ஆறு வருடத்தில் ஒருநாள் கார் எடுத்துப் போய் "வாங்கண்ணா" என்று கூட்டி வந்திருக்கலாம். அவர் வரட்டும் என்று இருந்தேன். ஏன்?

டைம்அவுட் ஒன்று சேர்த்தேன். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போ.

மே 1

நேரம் முடிந்தால் என்ன அனுப்புவது என்ற இடத்தில், வகுப்பில் காட்டிய வாசகம் அப்படியே இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அண்ணனுக்குப் போனது இது:

'பதில் வராததால் உங்கள் பெயர் நீக்கப்பட்டது. நன்றி.'

நன்றி வேறு.

ஒன்பது முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. போச்சு. எல்லாம் போச்சு.

மே 2

காலை ஏழு மணிக்கு வாசலில் கார். அண்ணன்.

"எங்க என்ற பேரு? எங்கிருந்து எடுத்துச்சு அது? காட்டு."

லேப்டாப்பைத் திறந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர் எல்லாப் பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். காபி வேண்டாம் என்றார். பிறகு குடித்தார்.

"சௌந்திரத்த ஏழாவதாப் போட்டது ஆரு? நாப்பதுக்கு எறக்கு. பெரியப்பாவ மேல ஏத்து."

"உங்களுக்கும் மேலயாங்கண்ணா?"

"நான் என்ன அவரவிடப் பெரியவனா?"

"அப்ப நீங்க ரெண்டாவதுங்க."

"ரெண்டாவதுதான? மூணாவது இல்லையில்ல?"

பெரியப்பாவைப் போனில் பிடித்து அவரே சொல்லவைத்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தன் போனில் 'வாரேன்' என்று அடித்து அனுப்பினார். மெசின் மூன்றாவது வீட்டுக்குப் போனது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாற்பத்தெட்டு மணி நேர வரியை அழிக்கச் சொன்னார். "ஆரையும் எடுக்கப்படாது."

மே 14

தினமும் வருகிறார். லேப்டாப்பை வேறு யாரும் தொடக்கூடாது. இரண்டு மணி நேரம் பதில் வராவிட்டால் அவரே கூப்பிடுகிறார். "ஏனுங், மெசினு உங்க ஊட்டு வாசல்லயே நிக்குதுங்க. சட்டுனு சொல்லுங்க, அக்கட்ட அடுத்த ஊட்டுக்குப் போகோணுமல்ல."

இவ்வளவு நேரத்தில் பத்திரிகையோடு நேரிலேயே எல்லா வீட்டுக்கும் போய் முடித்திருக்கலாம் என்கிறாள் தமிழினி. அண்ணன் முன்னால் சொல்வதில்லை.

ஜூன் 9

நேற்று கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாமன் சீர்த் தட்டை யாரையும் தூக்கவிடவில்லை அவர்.

ஜூன் 12

ப்ரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பதில் வந்ததும் தானே நின்றிருக்க வேண்டும். திறந்து பார்த்தேன். பட்டியலில் நானூற்றுப் பதின்மூன்று பேர். கடைசியில் ஒருவரை அண்ணன் சேர்த்திருக்கிறார்: 'மைதிலி, பொண்ணுக்கு அம்மா.' என் போனில் தேடினேன். மே 30இலேயே வந்திருக்கிறது, கல்யாணச் சேதிகளுக்கு அடியில், திறக்காமல்.

'வாரேன்' என்று அடித்தால் போதும். நின்றுவிடும். போனை மூடி வைத்தேன்.

மாலையில் கார் சத்தம். கல்யாணம் முடிந்த வீட்டில் அவருக்கு என்ன வேலை? வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

"அல்லாரும் சொல்லீட்டாங்களா, அம்மிணி?"

"ஒரு ஊடு பாக்கிங்கண்ணா."

"அப்பிடியா" என்று செருப்பைக் கழற்றினார்.