எந்த வீட்டு எழவு

1951 ஜனவரி 23, செவ்வாய்.

இன்றைக்கு அத்தை என் வெந்நிப் பானையைக் கவிழ்த்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே, "ஏட்டி, தெனமும் ராத்திரி குளிக்கியே, எந்த வீட்டு எழவுக்குப் போயிட்டு வந்தே?" என்று கேட்டாள்.

படுக்குமுன் இளஞ்சூட்டில் நாலு செம்பு ஊற்றினால் என் உடம்பு இளகிவிடும். அப்படித் தூங்கினால், இது கனவு என்று கனவுக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. செத்துப்போன அம்மா வாசலில் வந்து நிற்பாள். முன்னெல்லாம் அழுதுகொண்டே விழித்துவிடுவேன். இப்போது கனவென்று தெரிந்தே, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறேன். இதை இவர்களிடம் சொல்ல முடியுமா?

ஆனால் பதில் சொன்னேன். "எங்கம்மா எழவுக்குத்தான் அத்தை. ஒங்க மக கல்யாணம் நின்னுரும்னு, கரிவலம்வந்தநல்லூர்ல இருந்து வந்த சாவுச் சேதிய நாலு நாளு எங்கிட்ட மறைச்சிட்டியளே. அன்னைக்குக் குளிக்க வேண்டிய குளியலத்தான் இப்பக் குளிக்கேன்."

இவர் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுபடியும் பானையை ஏற்றினேன், பெரிய பானையாகவே. தண்ணீர் பதமாகிவிட்டது. இன்றைக்கு அம்மாவை அத்தையின் கட்டிலில்தான் உட்காரவைப்பேன்.