கையெழுத்திட மறுத்த நேசனுக்கு

என் நேசா,

ஊருக்கெல்லாம் நீ அருள்நேசன் அண்ணை. எனக்கு மட்டும் நேசன். நீ போய் இரண்டு மாரி கடந்துவிட்டது. இந்த மாரியில் ஆறு பெருகி வந்து, மேற்குக் கரையிலிருந்த உன் வயலில் பாதியை அறுத்துக்கொண்டு போய்விட்டது. நல்ல செய்தி ஒன்றோடு தொடங்கலாம் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நமக்கு இருபது வயதிருக்கும்போது நீ எழுதிய கூத்தைத்தான் இந்த நாட்களில் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோயில் திருநாளுக்காக, பங்குச் சுவாமியாரின் அலுமாரியில் கிடந்த பழைய ஆங்கிலப் புத்தகமொன்றை எடுத்து, அகராதியோடு மல்லுக்கட்டி, கன்ரபரிப் பேராயரின் கதையைப் பாட்டாக்கினாய். மல்லாவிப் பக்கத்துச் சனத்துக்கு இங்கிலாந்து எங்கே, பேராயர் எங்கே? ஆனாலும் விடியும்வரை ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

அந்தப் பேராயர் வணிகர் ஒருவரின் மகன். அரசனின் உயிர் நண்பர், அவனுடைய அமைச்சர், அவனோடு வேட்டைக்குப் போனவர். திருச்சபையும் தன் கைக்குள் இருக்கட்டும் என்று அரசன் அவரைப் பேராயராக்கினான். அந்த ஆசனத்தில் இருந்ததும் அவர் வேறு மனிதராகிவிட்டார். திருச்சபையின் உரிமைகளை அரசனுக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார். பிரான்சுக்குத் தப்பிப் போய் ஆறு வருடம் கிடந்தார். திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அரசன் ஆத்திரத்தில் கொட்டிய சொல்லைக் கேட்டுப் புறப்பட்ட நான்கு வீரர்கள், மார்கழி மாத மாலையொன்றில், ஆலயத்துக்குள்ளேயே அவரை வெட்டிச் சாய்த்தார்கள்.

நீ பேராயர். நான் அரசன். கடைசிக் காட்சியில் நான் வெறுங்காலோடு பேராயரின் கல்லறைக்கு வந்து, பாவப் பரிகாரமாக முதுகைக் காட்டி அடி வாங்கவேண்டும். ஒத்திகையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அரசன் வெட்டச் சொல்லேல்லையே மச்சான். ஆத்திரத்திலை ஏதோ கத்திப்போட்டான். அதுக்கேன் அவனுக்கு அடி?”

நீ பாட்டெழுதிய கொப்பியிலிருந்து தலையை எடுக்கவேயில்லை. “ஆருக்கு முன்னாலை கத்தினவன் எண்டு யோசி. வாள் வைச்சிருக்கிறவங்களுக்கு முன்னாலை.”

பிறகு போரில் இடம்பெயர்ந்தோம், முகாமில் கிடந்தோம், திரும்பி வந்தோம். ஊர் மறுபடி வீடு கட்டத் தொடங்கியபோது நான் மணல் ஏற்ற டிப்பர் வாங்கினேன். ஒன்று மூன்றாயிற்று. நீதான் என் வலக்கை. அனுமதி அலுவல்களுக்கு அரசாங்கக் கச்சேரிக்குப் போவதும், கடிதம் எழுதுவதும், டிப்பர் ஓடுகிற பெடியங்களுக்கிடையில் சண்டை வந்தால் தீர்ப்பதும் நீ. மத்தியானச் சாப்பாடு என் வீட்டில்தான். கமக்காரர் சங்கத்தின் பழைய தலைவர் செத்தபோது, வயல்காரரிடம் வீடுவீடாகப் போய் உன்னைத் தலைவராக்கியதும் நான்தான். நம் ஊர்ப் பக்கத்து ஆற்றில் மணல் அள்ள அந்தச் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டியிருந்தது. உன்னைவிட எனக்கு வாய்ப்பான தலைவர் யார்?

கடிதத்தை உன் முன்னால் வைத்தேன். நீ இரண்டு நாள் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வந்தாய். கையெழுத்து இல்லை.

“கரை இடிஞ்சால் அம்பது குடும்பத்துக்கு வயலில்லை றொபேட். கிணத்துத் தண்ணியும் கெட்டுப்போகும்.”

“உன்னை அந்தக் கதிரையிலை இருத்தினது ஆர்?”

“நீதான். உன்னட்டை வேலை செய்தவரைக்கும் நான் உன்ரை ஆள். இப்ப அவையின்ரை ஆள்.”

அன்றைக்கே நான் தந்த மோட்டார் சைக்கிளைத் துடைத்து என் முற்றத்தில் நிறுத்திவிட்டு நடந்து போனாய். அந்த நிதானம்தான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது.

உன் வீட்டுக்குக் கல் விழத் தொடங்கியது. எறிந்தவர்களை எனக்குத் தெரியும், நிறுத்தச் சொல்லவில்லை. நீ வவுனியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போய் எட்டு மாதம் இருந்தாய். அங்கிருந்தும் மணல் அள்ளுவதற்கு எதிராக மனுக்கள் எழுதினாய். பிறகு கிறிஸ்மஸுக்கு வந்து இறங்கினாய். பஸ்ஸடிக்கே சனம் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனதாம். அந்தச் செய்தி எனக்குச் சோற்றுக் கோப்பையின் முன்னால் வந்தது. என் டிப்பர் ஓடுகிற நாலு பேர் எதிரே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்னது இதுதான், நேசா. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. “என்ரை சோத்தைத் திண்டவன் எனக்கு எதிரா நிமிந்து நிக்கிறான். உங்களிலை ஒருத்தனுக்கும் ரோசமில்லையோ?”

அவர்கள் கை கழுவினார்கள். நான் பாயைப் போட்டுப் படுத்தேன்.

நீ கோயிலுக்குள் பாலன் குடிலுக்குப் பக்கத்தில் நின்று மாலைச் செபத்துக்குச் சனம் இருக்கிற வாங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தாயாம். வாசலில் இரும்புக் கம்பிகளோடு அந்த நாலு பேரையும் கண்டதும், கூட நின்ற மனிசிமாரைப் பக்கக் கதவால் அனுப்பினாயாம். நீயும் போயிருக்கலாம். ஏன் போகவில்லை? கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உன் மூச்சு நின்றுவிட்டது.

உன் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவன் நான். உன் மனைவி சூசானா என் கையைப் பிடித்து, “நீங்கள் இல்லையெண்டால் நான் என்ன செய்திருப்பன் அண்ணை?” என்றாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. 

இன்றைய செய்தி கேள். நாலு பேரில் ஒருவன் வெளிநாடு போய்விட்டான். மற்றவர்கள் பிணையில். வழக்கு தவணைமேல் தவணை போகிறது. பக்கக் கதவால் போன மனிசிமாருக்கு இப்போது ஒன்றும் நினைவில்லை. புதிய தலைவர் முதல் கிழமையே கையெழுத்துப் போட்டார். நான் டிப்பர்களை விற்றுவிட்டேன். வாங்கியவர் அதே ஆற்றில்தான் ஓட்டுகிறார். ஊரின் பாதிக் கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. நீ செத்ததால் ஒரு கூடை மணல்கூடத் தப்பவில்லை, நேசா. அந்தப் பேராயரின் கல்லறைக்காவது அரசன் வந்து மண்டியிட்டான்.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு சூசானாவின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், ஏசுவாள், செருப்பால் அடிப்பாள் என்று ஆயத்தமாகத்தான் போனேன். அவள் உடுப்பு மடிப்பதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும் அண்ணை. முதல்நாளே தெரியும்.”

“அப்ப ஏன் பிள்ளை செத்தவீட்டிலை என்ரை கையைப் பிடிச்சனீ?”

“பயத்திலை. என்ரை பிள்ளையள் இந்த ஊரிலைதானே இருக்கவேணும்.”

பிறகு, “வேறை ஒண்டுமில்லையெண்டால் போட்டு வாங்கோ” என்றாள். நான் படலையைத் தாண்டுமுன் கதவு சாத்தப்பட்டது.

இரண்டு வருடமாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் என்னவாயிருந்தது என்று இப்போது தெரிகிறது. இதைத் தெரிந்துகொண்டு எப்படி இருப்பது? கேட்பதற்கு இருந்த ஒரே ஆள் நீ.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் தந்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அடுத்த தவணையில் நீதிமன்றத்தில் ஏறி, அந்த மத்தியானம் என் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே சொல்வேன். சொல்வதால் கரை திரும்பி வராது, கிணறு இனிக்காது. சூசானாவின் பயமும் போகாது. என் உறவுக்காரரும் இந்த ஊரில்தான் இருக்கவேண்டும். ஆனாலும் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மூத்த மகளை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன்,
றொபேட்